காட்டுச் செடிகளையும் உயிரினங்களையும் பிறர் துணையுடன் இனங்காண்பது எப்படி?

முன்பின் பார்த்திராத ஒரு செடியையோ பூச்சியையோ இனங்காண, அத்துறையில் பழகிய ஆர்வலர்களைக் கேட்பதே எளிய வழி. ஆனால் அவர்கள் அந்த உயிரை நேரில் பார்க்கப் போவதில்லை. நாம் அனுப்பும் படமும் குறிப்பும்தான் அவர்களுக்குக் கிடைக்கும் சான்று. அழகாக மலர்ந்த பூவின் நெருக்கப் படம் ஒன்று மட்டும் வந்தால், எவ்வளவு தேர்ந்தவரும் ஊகிக்கத்தான் முடியும்.

செடியாயின், முழுத் தோற்றம், இலையின் இரு புறங்கள், பூவின் முன்பக்கம், புல்லிவட்டம் (பூவிதழ்களுக்கு வெளியே அடியில் உள்ள, பெரும்பாலும் பச்சையான வட்டம்) தெரியும் பக்கவாட்டுத் தோற்றம், காய் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுக்க வேண்டும். பலர் தடுமாறுவது இலையில்தான். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறு மொட்டு இருந்தால் அது முழு இலை. இல்லாவிடில் அது பெரும்பாலும் கூட்டிலையின், அதாவது பல சிறு பகுதிகளாகப் பிரிந்த ஒரே இலையின், ஒரு சிற்றிலை. ரோஜாச் செடியில் ஒரே நடுக்காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் இருப்பினும், அவற்றின் அடியில் மொட்டு இராது. நடுக்காம்பு தண்டைத் தொடும் கணுவில்தான் இருக்கும். ஆகவே அந்தத் தொகுதி முழுவதும் ஓர் இலை. இந்தக் கணுவும், இலைகள் எதிரெதிராக உள்ளனவா மாறிமாறி உள்ளனவா என்பதும் தெளிவாகத் தெரியும் ஒரு படம், பல பூப்படங்களைவிடப் பயன்படும்.

தட்டான்களுக்கு மேலிருந்து எடுத்த படத்துடன், மார்பின் பக்கவாட்டுக் கோடுகளும் வயிற்றின் நுனியிலுள்ள கவ்விகளும் தெரியும் படங்கள் தேவை. சிலந்திக்கு முகத்திலுள்ள கண்களின் வரிசை தெரிய வேண்டும். காளானுக்குக் குடையின் அடிப்புறமும் தண்டின் அடிப்பகுதியும் வேண்டும். பறவை மறைந்தே இருந்தால் குரலைப் பதிவு செய்தால் போதும். அதைப் படமெடுக்கக் கூட்டை நெருங்குவது கூடாது.

படத்துடன் நாள், இடம், வாழிடம், அளவு ஆகியவற்றையும் எழுதுக. பார்த்ததை முதலிலும் நம் ஊகத்தைத் தனியாகவும் தருவது நல்லது. முதலிலேயே ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் பதிலளிப்பவரும் அதன் பின்னாலேயே போய்விடக்கூடும். அரிய ஆர்க்கிடு போன்றவற்றின் சரியான இடத்தைப் பொதுவில் வெளியிட வேண்டாம். பறித்து விற்போரும் அதைப் படிப்பார்கள்.

பதில் வந்ததும், "எந்த அடையாளத்தைக் கொண்டு சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்னும், உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனங்காணும் இணையத்தளத்தில், ஒரு பதிவு ‘ஆய்வுத் தரம்’ (ஆய்வுக்குப் பயன்படத்தக்கது என்ற தகுதி) பெற, மற்ற நிபந்தனைகளோடு, இனங்கண்டோரில் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் உடன்பட வேண்டும். எனினும் இரண்டாமவர் முதலாமவரை அப்படியே வழிமொழிந்திருக்கலாம் என்பதால், எண்ணிக்கையைவிடக் காரணமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) வரை மட்டுமே சொல்லும் பதிலையும் குறைவாக எண்ண வேண்டாம். சில பூச்சிகளை நுண்ணோக்கி இன்றிச் சிற்றினம் வரை பிரிக்க இயலாது. ஆனால் உண்ணும் நோக்கம் இருந்தால், படத்தை மட்டும் வைத்து எவர் சொல்லும் பெயரையும் ஏற்கக் கூடாது. காளானில் இது உயிர் சார்ந்த விஷயம்.

பதிலே வராவிட்டால், அதே செடி பூக்கும்போதோ காய்க்கும்போதோ மீண்டும் சென்று, விடுபட்ட உறுப்பின் படத்தை அதே பதிவில் சேர்த்துக் கேட்கலாம்.