முதல் பிசியோதெரபிக்குக் கிளம்பும் முன்

மகனுக்குப் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சரியாக வராத நிலை). மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, பிசியோதெரபியும் அதில் அடக்கம் என்று தெரிந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டோம். கையில் காப்பீட்டு அட்டை மட்டும். டாக்டர் சீட்டு எங்கே என்றார்கள். காசை முதலில் நாம் கட்டி, பிறகு பில்லும் சீட்டும் வைத்துத்தான் திரும்ப வாங்க வேண்டுமாம். சரி என்று போன வேகத்தில் திரும்பினோம்.

அடுத்த முறை சீட்டு, பழைய எக்ஸ்ரே, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை நகல் எல்லாம் மஞ்சள் பைக்குள். ஆனால் அதிகம் உதவியது அவனுடைய பழைய செருப்புதான். வலது செருப்பில் முன்பக்கம் தேய்ந்து ஓட்டை. குதிகால் பக்கம் புத்தம் புதுசு. தெரபிஸ்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் காலைத் தொட்டார். வீட்டில் அவன் படி ஏறுவதை மொபைலில் எடுத்திருந்தேன் (புது இடத்தில் ஓர் அடி வைக்கமாட்டான்). அப்புறம், பேன்ட் வேண்டாம், முழங்கால் தெரிகிற டவுசர் போதும்.

"என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவனே, "ஆத்துல எறங்கணும்" என்றான். அதைத்தான் முதல் வரியாக எழுதிக்கொண்டார்.