லினக்ஸ் கணினியில் அச்சுப்பொறி முரண்டு பிடிக்கும்போது செய்யக்கூடாதவை

லினக்ஸ் கணினியில் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, அமைப்புகளுக்குள் சென்று அந்த அச்சுப்பொறியை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்ப்பதுதான். இது சில சமயம் பலன் தருவதாலேயே பழக்கமாகிவிட்டது. ஆனால் நீக்கும்போது, எதனால் அச்சு நின்றது என்று சொல்லக்கூடிய நிலைக்குறிப்பும், காத்திருக்கும் பணிகளும், முன்பு செய்து வைத்த அமைப்புகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. காரணம் தெரியாமல் சரிசெய்த கோளாறு, காரணம் தெரியாமலே திரும்பவும் வரும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று எந்த லினக்ஸ் வகையாக, அதாவது விநியோகமாக இருந்தாலும் அச்சுப் பணியைக் கையாள்வது பொதுவாகக் கப்ஸ் (CUPS) என்னும் மென்பொருள்தான். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய இதை இப்போது ஓப்பன்பிரிண்டிங் குழு பராமரிக்கிறது. நாம் அச்சிடச் சொன்னதும் செயலி ஆவணத்தைப் பெரும்பாலும் பிடிஎஃப் ஆக்கிக் கப்ஸிடம் தருகிறது. கப்ஸ் அதை வரிசையில் வைக்கிறது. வடிகட்டி எனப்படும் சிறு நிரல்கள் அதை அச்சுப்பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. கடைசியாக இன்னொரு நிரல் யூஎஸ்பி வழியாகவோ பிணையம் வழியாகவோ அதைக் கொண்டு சேர்க்கிறது. பணி இவற்றுள் எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்குள்ள உறுதியான கருத்து.

மிக அதிகமாகத் தடுமாறும் இடம் வரிசை. அச்சிடும் நேரத்தில் கம்பி கழன்றிருந்தாலோ அச்சுப்பொறி அணைந்திருந்தாலோ கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்திவைக்கக்கூடும். கப்ஸின் இயல்பான பிழைக் கொள்கை அதுதான், சில விநியோகங்கள் அதை மாற்றித் தருகின்றன என்றாலும். அப்படி நிறுத்தப்பட்ட வரிசை, பிறகு கம்பியைச் சரியாகச் செருகி அச்சுப்பொறியை இயக்கினாலும் தானாக உயிர் பெறாது. இதை அறியாதவர் அச்சிடு பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். ஒவ்வொரு அழுத்தமும் ஒரு புதிய பணியாகச் சேர்ந்து, வரிசை திறந்ததும் ஒரே ஆவணம் பல பிரதிகளாக வந்து விழுகிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எல்பிஸ்டாட் கட்டளையை டி என்ற தெரிவுடன் (lpstat -t) கொடுத்தால், வரிசை இயங்குகிறதா, எப்போதிலிருந்து முடக்கப்பட்டிருக்கிறது, என்ன காரணம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். முடங்கியிருந்தால் கப்ஸ்எனேபிள் (cupsenable) கட்டளையுடன் அச்சுப்பொறியின் பெயரைக் கொடுத்தால் போதும். வரிசை புதிய பணிகளை ஏற்க மறுப்பது இதிலிருந்து வேறான நிலை. அதற்குக் கப்ஸ்அக்செப்ட் (cupsaccept) கட்டளை உண்டு. இந்த இரண்டையும் ஒன்றென நினைத்து ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு, இன்னும் அச்சு வரவில்லையே என்று குழம்புவோர் பலர். கட்டளைகள் பிடிக்காதவர்கள் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியின் 631ஆம் துறைக்கு (போர்ட்), அதாவது localhost:631 பக்கத்துக்குச் சென்று இதே வேலைகளைச் செய்யலாம். அங்கே கேட்கப்படும் கடவுச்சொல் அச்சுப்பொறியினுடையது அல்ல, உங்கள் கணினிக் கணக்கினுடையது.

அடுத்தது, தேவையில்லாத இடத்தில் டிரைவரைத் தேடி அலைவது. டிரைவர் இல்லாமல் அச்சிடுவதற்கான ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் முறையை ஏற்கும் அச்சுப்பொறிகளுக்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை. கப்ஸ் நேரடியாகவே அவற்றுடன் பேசும். ஏர்பிரிண்ட் 2010இல் வந்தது; அதற்குப் பின் சில ஆண்டுகளில் பிணைய வசதியுடன் வந்த பெரும்பாலான கருவிகள் இந்த வகையில் அடங்கிவிடுகின்றன. யூஎஸ்பி கம்பியில் இணைத்தாலும், அந்த வசதியுள்ள கருவிகளுக்கு ஐபிபி-யூஎஸ்பி என்னும் சேவை இதையே செய்து தருகிறது. அப்படி வேலை செய்யும் கருவிக்கு மேலும் ஒரு பழைய டிரைவரை நிறுவினால், ஐபிபி-யூஎஸ்பி பிடித்து வைத்திருக்கும் அதே இணைப்பை அந்த டிரைவரும் கேட்டு, இரண்டும் மோதிக்கொள்ளலாம். ஒரே கருவிக்கு இரண்டு வரிசைகள் உருவாகி, இயல்புநிலை (டிஃபால்ட்) அச்சுப்பொறியாகப் பழுதான வரிசை தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதும் சாதாரணமாக நடப்பதே.

பழைய கருவிகளுக்கு டிரைவர் வேண்டும்தான். அங்கே நடக்கும் தவறு வேறு. ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்ற கருவிகள் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தங்கள் உள்மென்பொருளைக் கணினியிலிருந்துதான் பெறுகின்றன. ஹெச்பி அச்சுப்பொறிகளுக்கான லினக்ஸ் மென்பொருளாகிய ஹெச்பிஎல்ஐபி தொகுப்பில் அதைத் தருவது பிளகின் எனப்படும் தனிக் கோப்பு. அதன் பதிப்பும் தொகுப்பின் பதிப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இயங்குதளத்தை மேம்படுத்தும்போது தொகுப்பு புதிதாகிறது, பிளகின் பழையதாகவே நின்றுவிடுகிறது. அதன் பின் விளக்கு எரிகிறது, காகிதம் மட்டும் நகர்வதில்லை. கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை ஒதுக்கிவிடுவதற்கு முன், ஹெச்பி-பிளகின் (hp-plugin) கட்டளையை ஒருமுறை இயக்கிப் பொருத்தமான பதிப்பை நிறுவிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஒரு கருவி இந்தச் சிறு காரணத்துக்காக மூலையில் கிடப்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

வடிகட்டி தோல்வியுற்றது (Filter failed) என்ற செய்தி வந்தால், கம்பியையும் பிணையத்தையும் ஆராய்வது வீண் வேலை. மாற்றித் தரும் நிரல் இல்லை அல்லது இயங்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இன்டெல் வகை பிராசசர்களுக்கென்று மட்டுமே தொகுக்கப்பட்ட ஒரு நிறுவன டிரைவரை, வேறு வகை பிராசசர் கொண்ட ராஸ்பெரி பை கணினியில் நிறுவினாலும் இதே செய்திதான் வரும்.

பிணைய அச்சுப்பொறியை எண் முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிட்டு மறந்துபோவதும் ஒரு தவறு. ரவுட்டர் மறுபடி இயங்கும்போது அந்தக் கருவிக்கு வேறு முகவரியைக் கொடுக்கலாம். கப்ஸோ பழைய முகவரியின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் அந்த முகவரியை நிலையாக ஒதுக்கிவிட வேண்டும், அல்லது கருவியின் பெயரைக் கொண்டு சேர்க்க வேண்டும். பெயர் கொண்டு தேடும்போது அச்சுப்பொறி பட்டியலிலேயே வராவிட்டால், அந்தத் தேடலுக்குப் பயன்படும் யூடிபி 5353 துறையை ஃபயர்வால் தடுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்காக ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிடுவது கூடவே கூடாது. பிணையத்தில் அச்சுப்பொறிகளைத் தேடித் தரும் கப்ஸ்-பிரவுஸ்டு சேவையில் 2024 செப்டம்பரில் வெளியான பாதுகாப்புக் குறைபாட்டில், யூடிபி 631 துறை வெளியே திறந்திருந்த கணினிகளில் எங்கிருந்தோ ஒருவர் போலி அச்சுப்பொறியைச் சேர்த்துவிட முடியும் என்பது தெரியவந்தது.

பணி முடிந்தது என்று கணினி சொல்லியும் தாள் வராவிட்டால், பெரும்பாலும் தரவு அச்சுப்பொறியிடம் சேர்ந்துவிட்டது என்று பொருள். இனிப் பார்க்க வேண்டியது கருவியைத்தான். ஆவணம் 216க்கு 279 மில்லிமீட்டர் கொண்ட லெட்டர் அளவிலும் தட்டில் இருப்பது 210க்கு 297 கொண்ட ஏ4 தாளாகவும் இருந்தால், பல கருவிகள் விளக்கை மினுக்கிக்கொண்டு சரியான தாளுக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் பிடிபடாவிட்டால், ஊகத்தின் பேரில் கோப்புகளின் அனுமதிகளைத் திறந்துவிட வேண்டாம். கப்ஸ்சிடிஎல் (cupsctl) கட்டளையால் விரிவான பதிவை இயக்கி, ஒரே ஒரு பணியை மட்டும் அனுப்பி, வார் அடைவின் லாக் பகுதியிலுள்ள கப்ஸின் பிழைப் பதிவேட்டைப் (/var/log/cups/error_log) படியுங்கள். ஃபெடோராவில் அந்தப் பதிவு ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை வழியாகக் கிடைக்கும். யாரிடமாவது உதவி கேட்பதானால், கருவியின் முழு மாதிரிப் பெயர், விநியோகத்தின் பதிப்பு, எல்பிஸ்டாட் தந்த முழு வெளியீடு, அந்த ஒரு பணிக்குரிய பதிவேட்டு வரிகள் ஆகியவற்றைச் சேர்த்தே கொடுங்கள். வேலை முடிந்ததும் விரிவான பதிவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அச்சுக்கும் அந்தப் பதிவேடு தேவையின்றிப் பெருத்துக்கொண்டே போகும்.