பழைய கச்சேரியை வெளியிடச் சொல்லிக் கேட்பது எப்படி

பிடித்த ராக் குழுவின் கிடங்கில் பழைய கச்சேரி டேப்புகள் தூங்குகின்றன என்று தெரிந்துவிட்டால் கை சும்மா இருக்காது. "எல்லாத்தையும் வெளியிடுங்க" என்று எழுதத் தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன், ஒரு பதிலும் வரவில்லை, வராததில் நியாயமும் இருக்கிறது: எல்லாம் வேண்டும் என்பவனுக்கு எதை முதலில் எடுத்துக் கொடுப்பது? ஒரு ராத்திரியைக் கேளுங்கள். ஒரே ஒரு ராத்திரி.

எந்த ராத்திரி என்பதை ஆசையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நல்ல டேப் இருக்க வாய்ப்புள்ளதா என்று பாருங்கள். ரசிகர்கள் கூட்டத்தில் நின்று பதிந்ததைக் குழுவே வெளியிடுவது அபூர்வம். மைக்குகளின் ஒலியைக் கலந்து அரங்கின் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மிக்ஸிங் மேசையிலிருந்து நேராக இரண்டு டிராக்கில் எடுத்தது சவுண்ட்போர்டு. கருவிகளைத் தனித்தனி டிராக்கில் பிடித்தது மல்டிடிராக், அது செலவு பிடித்த வேலை என்பதால் பெரும்பாலும் லைவ் ஆல்பம் போடும் எண்ணம் இருந்தபோதுதான் செய்திருப்பார்கள். துப்பு அங்கேதான் கிடைக்கும். ஒரு சுற்றுப்பயணத்திலிருந்து லைவ் ஆல்பம் வந்திருக்கிறதா? அப்படியானால் அதில் சேராத ராத்திரிகளின் டேப்பும் எங்காவது இருக்கலாம். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1972 ஐரோப்பியப் பயணத்திலிருந்து அதே வருடம் மூன்று தட்டு ஆல்பம் ஒன்றைப் போட்டது. அந்தப் பயணத்தின் 22 கச்சேரிகளும் முழுசாக வெளிவந்தது 2011இல், 73 சிடிகளாக.

சவுண்ட்போர்டு என்றதும் துள்ளவும் வேண்டாம். சின்ன அரங்கில் கிடார் ஆம்ப்பும் டிரம்ஸும் மேடையிலிருந்தே காதைப் பிளக்கும், அதனால் மிக்ஸிங் மேசையில் அவற்றைக் குறைத்தே வைப்பார்கள். அந்த டேப்பைப் போட்டால் பாடகர் நம் காதருகே கத்துவார், கிடார் பக்கத்துத் தெருவில் கேட்கும். ஆனால் புதிதாக மிக்ஸ் செய்யும் செலவு இல்லை, அது பெரிய சௌகரியம். கிரேட்ஃபுல் டெட்டின் பழைய கச்சேரிகளை வெளியிட 1993இல் தொடங்கிய டிக்ஸ் பிக்ஸ் வரிசை இந்த இரண்டு டிராக் டேப்புகளை நம்பித்தான் ஓடியது, ஒலியில் குறைகள் உண்டு என்று உறையிலேயே எச்சரித்துவிட்டு விற்றார்கள். அந்த டேப்புகளைப் பொறுக்கிய டிக் லட்வாலா, குழுவின் காப்பகத்துக்குள் போவதற்கு முன்பு நம்மைப் போல டேப் சேர்த்துத் திரிந்த ரசிகர்தான்.

சரி, இப்போது எழுதுங்கள். குழுவின் நிர்வாகத்துக்கு ஒன்று, லேபிளின், அதாவது ஆல்பம் வெளியிடும் கம்பெனியின், மறுவெளியீட்டுப் பிரிவுக்கு ஒன்று. தேதி, ஊர், அரங்கு, பாடிய வரிசை, ரசிகர்களிடம் சுற்றும் பதிவில் எங்கே ரீல் மாற்றியதால் பாட்டு அறுந்திருக்கிறது, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். "மறக்க முடியாத இரவு" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "இந்தப் பாட்டை அந்தப் பயணத்தில் இரண்டே தடவைதான் வாசித்தார்கள், இது இரண்டாவது" என்றால் எடுத்துக் கேட்பார்கள். சிடி பெட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள், டவுன்லோடாகக் கொடுத்தாலும் போதும் என்று சொன்னால் அவர்களுக்குப் பாதி பாரம் குறையும்.

நேரமும் முக்கியம். ஐரோப்பியச் சட்டப்படி, பதிவு செய்து 50 வருடத்துக்குள் வெளியிடாத ஒலிப்பதிவு உரிமைப் பாதுகாப்பை இழக்கும், அதற்குள் வெளியிட்டுவிட்டால் பாதுகாப்பு 70 வருடம் வரை நீளும். 2012 கடைசியில் பாப் டிலனின் பழைய பதிவுகள் நூறு பிரதி அளவில் திடீரென்று வந்ததற்கு இதுதான் காரணம். ஆகவே 47, 48 வயதான கச்சேரியைக் கேட்பவருக்கு கொஞ்சம் கூடுதல் பலம் உண்டு.

பதில் வராவிட்டால் திட்டாதீர்கள். விலகிப்போன உறுப்பினர், இறந்தவரின் குடும்பம், பழைய லேபிள் என்று பலர் தலையசைக்க வேண்டியிருக்கும். வேறொருவர் எழுதிய பாட்டைப் பாடியிருந்தால் அவருக்கும் பணம் போக வேண்டும். சில நேரம் கிடாரிஸ்டுக்கே அந்த ராத்திரி தான் வாசித்தது பிடிக்காது, அதற்கு மருந்தில்லை.

உங்களிடமே பழைய ரீல் ஏதாவது இருந்தால் ஆர்வத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 1970, 80களின் பல டேப்புகளில் பசை ஈரம் உறிஞ்சி பிசுபிசுத்திருக்கும், ஓட்டினால் காந்தப்பூச்சு உரிந்து டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். தெரிந்தவர்கள் அதை மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, உடனே பிரதி எடுப்பார்கள். கைமாறிப்போன டேப்பும் வீடு திரும்பும்: கிரேட்ஃபுல் டெட்டின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிந்த டேப்புகள் 1986இல் ஏலத்தில் வெளியாட்களிடம் போயின, அவற்றில் இருந்த 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி 2017இல் அதிகாரபூர்வமாகவே வந்தது.

அப்புறம் காசு விஷயம். பூட்லெக்கை, அதாவது அனுமதியில்லாமல் பதிந்து விற்கும் கச்சேரியை, விலை கொடுத்து வாங்காதீர்கள், அதில் ஒரு பைசாவும் குழுவுக்குப் போகாது. (ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா 1991இல், பிறர் விற்ற தன் கச்சேரி பூட்லெக்குகளையே எடுத்து அதிகாரபூர்வமாக விற்றார், அந்தக் குறும்பு எல்லோருக்கும் வராது.) ஏற்கெனவே வந்த கச்சேரிகள் விற்றால்தான் அடுத்தது நகரும், பேர்ல் ஜாம் என்ற ராக் குழு 2000 பயணத்திலிருந்து 72 லைவ் ஆல்பங்களை இறக்கியது வாங்க ஆள் இருந்ததால்தான். நீங்கள் கேட்ட ராத்திரி வந்துவிட்டால் முதல் வாரமே வாங்குங்கள், வேகம் தப்பாக ஓடுகிறது, ஒரு பாட்டு பாதியில் அறுகிறது என்று பட்டால் எந்தப் பாட்டு, எந்த நிமிடம் என்று குறித்து அவர்களுக்கே எழுதுங்கள். டவுன்லோடு என்றால் திருத்தி மறுபடி ஏற்றுவது சுலபம்.