ராமலிங்க விலாசத்தின் ஓவியங்களைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் போகிறவர்களில் ராமநாதபுரம் அரண்மனைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் அங்கிருக்கும் ராமலிங்க விலாசம் என்ற மாளிகையில் நாலு படம் எடுத்து, ‘அற்புதம்’ என்று எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 1713 முதல் 1725 வரை ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் அவை. நேரில் வர முடியாதவர்களுக்கும் அவை போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்வது. ‘அற்புதம்’ என்பதும் விமர்சனம் இல்லை, ‘தத்ரூபமாக இல்லையே’ என்பதும் விமர்சனம் இல்லை. ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜேஸ்வரி அம்மனின் கையிலிருந்து சேதுபதி செங்கோல் வாங்குகிறார். இதே மாளிகையில் தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும் இருக்கிறது, ஐரோப்பியர்கள் மன்னரைச் சந்திப்பதும் இருக்கிறது. மதுரை நாயக்கர்களுக்கு அடங்கியிருந்த சேதுநாடு, அதாவது ராமநாதபுரம் சீமை, கிழவன் சேதுபதி என்ற மன்னர் காலத்தில்தான் தனித்து நின்றது. அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாதர், செங்கோலை எந்த அரசனும் தரவில்லை, அம்மனே தந்தாள் என்று தன் மாளிகைச் சுவரில் வரையச் சொல்கிறார். தூரமும் நிழலும் எங்கே என்று தேடினால் இது கண்ணில் படாது. யார் யாருக்கு என்ன கொடுக்கிறார், பக்கத்துச் சுவரில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தானாகத் தெரியும்.

அதனால்தான் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடாதீர்கள் என்கிறேன். இவை வரிசையாகப் படிக்க வேண்டிய கதைகள். முதலில் முழுச் சுவர், அப்புறம் கட்டம், கடைசியில் நுணுக்கம் என்று எடுங்கள். படமெடுக்க அனுமதி உண்டா என்று அங்கே இருப்பவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். போனில் நிறத்தைக் கூட்டுவதும் வேண்டாம். மங்கிய சிவப்பை ரத்தச் சிவப்பாக்கிவிட்டால், பார்ப்பவருக்குக் கிடைப்பது உங்கள் ஃபில்டர்தான், ஓவியம் இல்லை.

உரிமை விஷயத்தில் குழப்பம் அதிகம். முந்நூறு ஆண்டு ஆன ஓவியத்துக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் அதை ஒருவர் சமீபத்தில் எடுத்துப் புத்தகத்தில் போட்ட புகைப்படம் அவருடையது. அதை ஸ்கேன் செய்து ‘பழசுதானே’ என்று ஏற்றக் கூடாது. நம் நாட்டில் காப்புரிமை, படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் நேற்று வரையப்பட்ட கடல் காட்சியை விமர்சனத்துக்காக ஓரளவு எடுத்துக்காட்டலாம். எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்க வேண்டுமானால் வரைந்தவரின் அனுமதி வேண்டும்.

இலவசமாகப் பார்க்கக் கிடைப்பது வேறு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கட்டற்றதாக இருப்பது வேறு. படத்தின் நடுவில் உங்கள் பெயரை முத்திரையாகக் குத்தினால் அது யாருக்கும் பயன்படாது. நம் படத்தை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்பே சொல்லிவைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘வணிகத்துக்குக் கூடாது’ என்று சேர்ப்பதும் அப்படித்தான். கட்டற்ற படங்களைச் சேர்த்துவைக்கும் இணையதளமான விக்கிமீடியா பொதுவகம் அந்த நிபந்தனையோடு வரும் படத்தை ஏற்காது. சின்னப் பதிப்பகம் ஒன்று சிறுவர் புத்தகத்தில் போட நினைத்தாலும் முடியாது. உங்கள் பெயரைச் சொன்னால் போதும் என்ற உரிமமே இதற்குச் சரி. உரிமையையே விட்டு, ‘பொது உரிமைப் பரப்பு’ (public domain) என்று குறித்து முழுதாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, தலைப்பு. கேமரா கொடுத்த எண்ணோடு அப்படியே ஏற்றிய படத்தை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. ‘ராமலிங்க விலாசம், ராமநாதபுரம். செங்கோல் பெறும் சேதுபதி. செங்கோலைத் தரும் அம்மன்’ என்கிற மாதிரி, யார் எந்தப் பக்கம் என்பதோடு, கண்ணால் கண்டதைக் கண்டபடி தமிழில் எழுதுங்கள். எந்தச் சுவர், எந்த வரிசை, எடுத்த தேதி மூன்றையும் சேருங்கள். பார்வையற்றவர் ஒருவர் போனில் அதைக் கேட்டால், படத்தில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதாவது அவருக்குத் தெரியும்.