லைசோசோம் நொதி வழிதவறுகிறதா? செல்லோடு ஊடகத்தையும் அளந்து பாருங்கள்

செல்லின் கழிவைச் செரிக்கும் பை லைசோசோம். அதன் நொதிகளில் பெரும்பாலானவற்றுக்கு முகவரிச்சீட்டு மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரைக் குறி. புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கியில் அது ஒட்டப்படுகிறது. கோல்கியின் கடைசி அடுக்கில், பிஎச் 6.5 அளவில், சீட்டை அடையாளம் காணும் ஏற்பிப் புரதம் நொதியைப் பிடிக்கும். வழியிலுள்ள எண்டோசோம் பையில் பிஎச் 6க்குக் கீழே இறங்கியதும் நொதியை விட்டுவிட்டுக் கோல்கிக்கே திரும்பும். சீட்டு ஒட்டாவிட்டாலோ, ஏற்பி நொதியை விடாமல் அடுத்ததைப் பிடிக்க முடியாமல் போனாலோ, புதிதாக உருவாகும் நொதி செல்லுக்கு வெளியே போய்விடும். அதனால் செல்லை மட்டும் அளந்து, அது வளரும் திரவமான ஊடகத்தை விட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

சோதனைக்கு பீட்டா-ஹெக்சோசமினிடேஸ் வசதியான நொதி. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் வேண்டாம், அதை லிம்ப்-2 என்ற வேறு புரதம் கூட்டிப்போகிறது. தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை இரண்டு முறை கழுவி, சீரமும் ஃபீனால் ரெட் சாயமும் இல்லாத ஊடகத்தில் 24 மணி நேரம் வையுங்கள். சீரத்திலேயே இந்த நொதி உண்டு. விட்டுவைத்தால் அதைத்தான் அளப்பீர்கள். வளர்ப்புத் தட்டின் சில குழிகளில் 10 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடும், வேறு சிலவற்றில் 5 மில்லிமோலார் மேனோஸ்-6-பாஸ்பேட்டும் சேருங்கள். சில குழிகள் எதுவும் சேர்க்காமல் இருக்கட்டும்.

பிறகு ஊடகத்தை எடுத்து, மிதக்கும் செல்கள் அடியில் படியுமாறு மையவிலக்கியில் மெதுவாகச் சுழற்றுங்கள். தட்டில் உள்ள செல்களை 0.2% டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சவர்க்காரம் கொண்டு கரையுங்கள். இரண்டிலும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, பிஎச் 4.5 சிட்ரேட் தாங்கலில் நொதி வெட்டியதும் ஒளிரும் மெத்தில்அம்பெல்லிஃபெரில் வினைபடுபொருளோடு 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். பிஎச் 10.5 கிளைசின் கரைசலால் நிறுத்தி, 365/450 நானோமீட்டரில் ஒளிர்வைப் படியுங்கள். காரம் போதாவிட்டால் ஒளிர்வு மங்கும்.

பலர் சறுக்குவது கணக்கில். ஊடகம் 1 மில்லிலிட்டர், அளவீடு 40; செல்கரைசல் 200 மைக்ரோலிட்டர், அளவீடு 300 என்று வையுங்கள். நேராக ஒப்பிட்டால் 12% வெளியேறியது போலத் தோன்றும். மொத்தக் கன அளவுக்குப் பெருக்கினால் 4,000க்கு 6,000, அதாவது 40%.

அம்மோனியம் குளோரைடு எண்டோசோமின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் ஏற்பி நொதியை விடாமல் மாட்டிக்கொள்ளும். இயல்பான செல்லில் கசிவு தெளிவாக ஏறும். ஏறவே இல்லை, தொடக்கத்திலேயே கசிவு மிகுதி என்றால் சீட்டு ஒட்டும் பாஸ்போடிரான்ஸ்பரேஸ் நொதியைச் சந்தேகியுங்கள். ஐ-செல் என்ற பரம்பரை நோயில் பழுதாவது அதுதான். எதுவும் சேர்க்காத குழியைவிட மேனோஸ்-6-பாஸ்பேட் குழியில் ஊடக அளவு கூடினால், வெளியேறிய நொதியைச் செல்பரப்பின் 300 கிலோடால்டன் ஏற்பி மீட்டெடுத்துவந்தது என்று பொருள். 46 கிலோடால்டன் சிறிய ஏற்பி அந்த வேலையைச் செய்வதில்லை.

ஊடகத்தில், செல்லுக்குள்ளேயே இருக்கவேண்டிய லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் நொதியும் மிகுந்திருந்தால் செல்கள் உடைந்திருக்கின்றன. அந்தக் குழியின் எண்ணைத் தள்ளிவிடுங்கள். கல்லீரல் செல்லை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். ஐ-செல் நோயிலும் அதில் நொதி அளவு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும்.