ஃபின்டெக் கூட்டணியில் வங்கிக்கு மிஞ்சுவது எவ்வளவு? கணக்குப் பார்க்கும் வழி

வங்கியின் கணக்குப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஃபின்டெக் நிறுவனத்தோடு, அதாவது செயலி வழியாகக் கடன், வைப்பு போன்ற சேவைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் நிறுவனத்தோடு, கைகோத்த முதல் காலாண்டில் கடன் தொகை ஏறியதைப் பார்த்து எல்லோரும் பூரிப்பார்கள். மிஞ்சியது என்ன என்று கேட்டுப் பொல்லாப்பு வாங்குவது என் வேலை.

உதாரணத்துக்குக் கொடுத்த கடன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி வரவு 18. ஆள் பிடித்துக் கொடுத்த ஃபின்டெக்குக்கு 6, வைப்புதாரருக்கு 6, திரும்பி வராதது 3, வசூலும் தணிக்கையும் கணினி இணைப்புமாக 1.5. மிச்சம் 1.5. வாராக்கடன் 4.5 ஆனால் மிச்சம் பூஜ்யம்; ஃபின்டெக்கின் 6 மட்டும் குறையாது. அதனால் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் அந்த 6 கடன் கொடுத்த அன்றே போகிறதா, வசூலான பிறகா என்று பாருங்கள்.

அடுத்தது வாராக்கடன் விகிதம். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். மொத்தத்தில் 2 சதவீதம்தான் என்று ஒருமுறை அறிக்கை எழுதிவிட்டேன். ஜனவரியில் கொடுத்த கடனை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த சக ஊழியர், "சார், இதில் 7 வருகிறதே" என்றார். மாதாமாதம் புதுக் கடன் குவிந்துகொண்டே இருந்தது. அதில் முதல் தவணையே இன்னும் வந்திருக்காது, தவறுவது எங்கே? வகுக்கும் எண் பெருத்து விகிதத்தை அழகாக்கிவிட்டது. கொடுத்த மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

"நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம்" என்பார்கள் ஃபின்டெக்காரர்கள். எவ்வளவு வரை? இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் இத்தகைய உத்தரவாதத்துக்குக் கடன் தொகுப்பில் 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. மீதி வங்கியின் தலையில்.

செயலி வழியாக வந்தவர்களை உங்கள் பழைய வாடிக்கையாளர் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். கிளைக்கே வந்து வாங்கியிருக்கக்கூடியவருக்கும் 6 அழுதிருப்போம்.

கடனுக்குப் பதில் செயலி வழியாக வைப்புப் பணம் திரட்டும் கூட்டணி என்றால், யாருடைய பணம் எவ்வளவு என்ற பேரேடு யார் கையில் என்பதுதான் கேள்வி. ஃபின்டெக் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவே நின்ற அமெரிக்காவின் சினாப்ஸ் நிறுவனம் 2024 ஏப்ரலில் திவால் மனு போட்டது. வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியதற்கும் கூட்டாளி வங்கிகளில் இருந்ததற்கும் இடையே 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை துண்டு விழுவதாகத் திவால் வழக்கின் பொறுப்பாளர் கணக்கிட்டார். பேரேட்டைத் தினமும் சரிபார்க்க நாமே ஆள் போட வேண்டும். அந்தச் சம்பளத்தையும் செலவில் சேருங்கள்.

அப்புறம் மூலதனம். 100 கடனுக்கு வங்கி தன் சொந்தப் பணத்தில் 12 ஒதுக்கினால், மிஞ்சிய 1.5 என்பது வரிக்கு முன் 12.5 சதவீத வருமானம். அதே 12-ஐச் சொந்தக் கிளைக் கடனில் போட்டால் எவ்வளவு வரும் என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். என் மேசைக்கு வரும் தாள்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.