கைப்பேசியில் சட்டகங்களைத் தாண்டி விரல் நகர வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டக் கோயிலின் அகப்பக்கத்தைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தவர்கள், திருவிழா நெருங்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்துதான் பூசை நேரத்தையும் செம்பனைக் காட்டுக்குள் பிரியும் மண்பாதையையும் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் வரைபடமும் காணொளியும் வெளித் தளங்களிலிருந்து ஐஃபிரேம் எனப்படும் சட்டகங்களாகப் பதிக்கப்பட்டவை. நன்கொடையாளர் பட்டியல் மட்டும் நாங்களே வேறொரு முகவரியில் வைத்திருக்கும் தளத்திலிருந்து வருகிறது.

ஒருநாள், பல ஆண்டுகள் பால்மரம் சீவியதில் விரல்கள் காய்த்துப்போன அத்தை ஒருவர், "தம்பி, கீழ எறங்கவே மாட்டேங்குதே" என்று தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவர் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளத் தள்ள, பக்கம் நின்ற இடத்திலேயே நிற்க, வரைபடம் மட்டும் தெற்கே ஈப்போவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பூசை நேரம் வரைபடத்திற்குக் கீழே இருந்தது. அவரால் அதை எட்டவே முடியவில்லை.

இது ஏன் நிகழ்கிறது என்பது தெரிந்தால்தான் திருத்தம் பிடிபடும். விரல் முதலில் எந்த இடத்தில் படுகிறதோ, அந்த இடத்தில் உள்ள ஆவணத்திற்கே உலாவி அந்தத் தொடுகையை ஒப்படைக்கிறது. அந்த இடம் சட்டகத்துக்குள் இருந்தால், தொடு நிகழ்வுகள் உள்ளே இருக்கும் ஆவணத்திற்குப் போகுமே தவிர வெளிப்பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு வந்து சேர்வதில்லை. இரண்டும் வெவ்வேறு தளங்களைச் சேர்ந்தவை என்றால், பாதுகாப்பு விதியின்படி உள்ளே எட்டிப்பார்க்கவும் நமக்கு அனுமதி இல்லை. உள்ளே உருட்ட ஏதாவது இருந்தால் அது முதலில் உருளும். அது முடிவை எட்டிய பிறகு விரலை எடுத்து மறுபடி தள்ளினால், உருட்டல் வெளிப்பக்கத்திற்குக் கைமாறும். வரைபடம் போன்றவை விரலசைவைத் தாமே பிடித்துக்கொள்வதால் அந்தக் கைமாற்றமும் நிகழ்வதில்லை.

ஆகவே முதல் வேலை, சட்டகத்துக்குள் உருட்ட எதுவும் இல்லாதபடி செய்வது. உள்ளடக்கத்தின் முழு உயரமும் சட்டகத்துக்குக் கிடைத்துவிட்டால் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். உள்ளே இருக்கும் பக்கமும் உங்களுடையது என்றால், அதில் உலாவியின் ரீசைஸ்அப்சர்வர் என்ற வசதியைக் கொண்டு ஆவணத்தின் உயரத்தைக் கவனித்து, அது மாறும்போதெல்லாம் அந்த எண்ணை போஸ்ட்மெசேஜ் வழியாக வெளிப்பக்கத்திற்கு அனுப்புங்கள். வெளிப்பக்கம் அந்தச் செய்தியைப் பெற்று, அது வந்த முகவரி உங்கள் தளத்தின் முகவரிதானா என்று கட்டாயம் சரிபார்த்த பின், சட்டகத்தின் உயரத்தை அந்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். இதில் ஒரு பள்ளம் உண்டு. உள்பக்கத்தில் ஏதேனும் ஒரு பகுதியின் உயரம் திரையுயரத்தின் விழுக்காடாக, அதாவது விஎச் அலகில் கொடுக்கப்பட்டிருந்தால், அதற்குத் திரை என்பது சட்டகமே. சட்டகம் வளர அந்தப் பகுதியும் வளரும், அது வளரச் சட்டகம் மறுபடி வளரும். பக்கம் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். உள்பக்கத்தில் அந்த அலகை நீக்கிவிடுங்கள். ஸ்க்ரோலிங் என்ற பண்புக்கு "நோ" என்று கொடுக்கும் பழைய வழியை உலாவிகள் இன்றும் மதிக்கின்றன என்றாலும், உயரம் சரியாக அமைந்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அடியில் உள்ள வரிகளை எவராலும் பார்க்க முடியாது.

வரைபடத்திற்கு இந்த முறை உதவாது. அங்கே சட்டகத்துக்கான சிஎஸ்எஸ் விதியில், தொடுகையை ஏற்பதா என்று சொல்லும் பாயிண்டர்-ஈவண்ட்ஸ் பண்பை "நன்" என்று வைத்தால், விரல் சட்டகத்தை ஊடுருவி வெளிப்பக்கத்தின்மேல் பட்டதுபோல் ஆகி, பக்கம் தடையின்றி உருளும். வரைபடத்தை உண்மையிலேயே நகர்த்த விரும்புகிறவர்களுக்காக அதன் கீழே "வரைபடத்தை நகர்த்த" என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதைத் தட்டும்போது அந்தப் பண்பை "ஆட்டோ" ஆக மாற்றி, சட்டகம் திரையை விட்டு விலகியதும் மீண்டும் "நன்" ஆக்கிவிடுங்கள். விலகியதை அறிய இன்டர்செக்ஷன்அப்சர்வர் போதும். கூகுள் வரைபடத்தை அதன் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வழியாக நீங்களே அமைத்தால், ஜெஸ்சர்ஹேண்ட்லிங் என்ற விருப்பத்தை "கோஆப்பரேட்டிவ்" என்று வைக்கலாம்: ஒரு விரல் பக்கத்தை உருட்டும், இரு விரல்கள் வரைபடத்தை நகர்த்தும். ஆனால் எங்கள் கோயில் பக்கத்தில் நான் கடைசியில் வைத்தது வரைபடத்தின் ஒரு படமும், தட்டினால் கைப்பேசியின் வழிகாட்டிச் செயலியைத் திறக்கும் ஓர் இணைப்பும்தான். வண்டியில் வருகிறவருக்குத் தேவைப்படுவது அதுவே.

சில இடங்களில் சட்டகத்துக்குள் உருட்டல் இருந்தே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட நன்கொடையாளர் பட்டியலை முழு நீளத்துக்கு விரித்துவிட்டால், அதன் கீழுள்ள அறிவிப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். அத்தகைய பட்டியல் முடிவை எட்டும்போது வெளிப்பக்கம் திடீரென நகர்ந்து படிப்பவரின் இடத்தைக் குலைக்காமல் இருக்க, ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் பண்புக்கு "கன்டெய்ன்" என்ற மதிப்பைக் கொடுக்கலாம். குரோம் 2017-இல் 63ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2018-இல் 59ஆம் பதிப்பிலும், சஃபாரி 2022-இல் 16ஆம் பதிப்பிலும் இதை ஏற்கத் தொடங்கின. இதை வெளியே சட்டகத்தின்மேல் எழுதாமல், உள்பக்கத்தின் எச்டிஎம்எல் வேர் உறுப்பின்மேலும் பாடி உறுப்பின்மேலும் எழுத வேண்டும். கூடவே சட்டகத்தின் உயரத்தைத் திரையில் முக்கால் பங்குக்கு மேல் போகவிடாமல், இருபுறமும் விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். திரை முழுவதையும் அடைத்து நிற்கும் சட்டகத்தில் கட்டைவிரல் வெளிப்பக்கத்தைத் தொட ஓர் இடமும் கிடைக்காது. நான் பார்த்த பல பக்கங்களில் குறை இது ஒன்றுதான்.

பழைய ஐஃபோன்களுக்குத் தனிக் கவனம் தேவை. பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் புதியது வாங்கியதும் பழையது தோட்டத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஐஃபோன் 6 போன்றவை, ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 12ஆம் பதிப்புக்கு மேல் போகாதவை. 2019-இல் வந்த 13ஆம் பதிப்புக்கு முன் அதிலுள்ள சஃபாரி உலாவி, நாம் கொடுத்த உயரத்தைப் பொருட்படுத்தாமல் சட்டகத்தை உள்ளடக்கத்தின் அளவுக்கு நீட்டிவிடும். அவற்றுக்காகச் சட்டகத்தை ஒரு டிவ் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கு உயரமும், ஓவர்ஃப்ளோ "ஆட்டோ" என்பதும், வெப்கிட்-ஓவர்ஃப்ளோ-ஸ்க்ரோலிங் "டச்" என்பதும் கொடுத்தால் உருட்டல் ஒழுங்காக அமையும். புதிய கருவிகளில் இந்தக் கடைசி வரி தேவையற்றது, தீங்கும் செய்யாது.

டச்மூவ் நிகழ்வைப் பிடித்து பிரிவென்ட்டிஃபால்ட் கொண்டு உருட்டலைத் தடுக்கும்படி சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். குரோம் 2017 முதலும் ஐஓஎஸ் சஃபாரி 2018 முதலும், ஆவணத்தின்மேலும் சாளரத்தின்மேலும் வைக்கப்படும் தொடு கவனிப்பிகளை, அதாவது தொடுகை நிகழும்போது இயங்கும் நிரல்துண்டுகளை, பாசிவ் (உருட்டலைத் தடுக்க முடியாத) வகையாகவே கொள்வதால், அந்தத் தடை செல்லாது. "பாசிவ்" என்பதைப் "ஃபால்ஸ்" என்று வெளிப்படையாக எழுதினால் செல்லும். ஆனால் உலாவி ஒவ்வோர் அசைவுக்கும் உங்கள் நிரலுக்காகக் காத்திருக்க நேர்ந்து, மலிவான கைப்பேசிகளில் பக்கம் திக்கித் திக்கி நகரும். ஒரு பகுதி பக்கவாட்டில் மட்டும் விரலசைவை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், அதன்மேல் டச்-ஆக்‌ஷன் "பான்-ஒய்" என்று எழுதுங்கள்: மேலும் கீழுமான உருட்டலை உலாவி பார்த்துக்கொள்ளும், பக்கவாட்டு அசைவு உங்கள் நிரலுக்கு வரும்.

இவற்றைக் கணினித் திரையில், சுட்டியைக் கொண்டு சோதித்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. சுட்டியின் சக்கரம் கட்டைவிரலைப் போல நடந்துகொள்வதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் கணினியுடன் இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் பார்த்தால், எந்த உறுப்பு உருட்டலைப் பிடிக்கிறது என்பதை அங்கேயே ஆராயலாம். ஐஃபோனுக்கு ஒரு மேக் கணினி வேண்டும். பிறகு கைப்பேசியை ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலைச் சட்டகத்தின் நட்டநடுவில் வைத்து மேல்நோக்கித் தள்ளுங்கள். திருத்திய பக்கத்தை அத்தையின் கைப்பேசியில் அப்படித்தான் சோதித்தேன். படம் மேலே ஏறி மறைய, அதன் கீழிருந்து பூசை நேரம் திரைக்கு வந்தது. அவர் அதை வாய்விட்டு வாசித்தார்.